முதல் கப்பலைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

#1 அரைவங்கு

வணக்கம். ஓராண்டாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். முதல் பதிவே புலம்பலாக அமைந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இது முதல் மாதிரிக் கப்பல் கிட், மரத்துண்டுகளை ஒட்டிக் கட்டுவது. இரட்டைப் பாய்மர ஸ்கூனர், 1:64, அதாவது அசலில் 64-இல் ஒரு பங்கு. ஏராவில் வங்குகளைப் பொருத்தும் வரை எல்லாம் ஒழுங்காகவே போனது. (ஏரா என்றால் கப்பலின் முதுகெலும்பு போன்ற நீள அடிமரம், வங்கு என்றால் அதன் குறுக்கே நிற்கும் சட்டம். கையேட்டில் கீல், பல்க்ஹெட் என்றுதான் இருக்கிறது. ஏரா, வங்கு என்பவை இங்கே படித்துத்தான் வாயில் வந்தன.) பிறகு பலகை ஒட்ட ஆரம்பித்தேன். வலப்பக்கம் ஆறு வரிசை முடித்துவிட்டு, இனி இடப்பக்கம் என்று கப்பலைத் தூக்கிப் பின்னாலிருந்து பார்த்தால் ஏரா வில் மாதிரி வளைந்து நிற்கிறது. இரண்டு முனையும் வலப்பக்கம் இழுபட்டிருக்கின்றன. அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓட்டுக்கூரை போல இருக்கின்றன. நடுவில் இரண்டு இடத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி.

மூன்று வாரமாக அது அட்டைப் பெட்டியில், அலமாரிக்கு மேலே கிடக்கிறது. சரியான கருவிகளும் என்னிடம் கிடையாது. ஒரு கத்தி, உப்புத்தாள், துணி காயப்போடும் கிளிப் பத்து, அவ்வளவுதான். இந்த வேலை என் கைக்கு ஒத்துவராது போலிருக்கிறது. பாய்மரத் தண்டுகளும் நூலும் பிரிக்காமலே இருக்கின்றன, யாருக்காவது வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

#2 பாட்டில்மாலுமி

தண்டையும் நூலையும் தானம் செய்யும் முன் என் கதையைக் கேளுங்கள்.

பாட்டிலுக்குள் வைக்க ஒரு கப்பல் செய்தேன். நான்கு மாத வேலை. பாய்மரங்கள் மடங்கிப் படுத்துக்கொள்ளும், உள்ளே நுழைத்தபின் நூலை இழுத்தால் நிமிரும். வெளியே பத்து முறை மடக்கி நிமிர்த்திப் பார்த்தேன், அப்படியொரு வேலை! கடைசியில் நுழைக்கப் போனால் உடல் பாட்டில் கழுத்தைவிட அகலம். நான் அளந்து வைத்திருந்தது கழுத்தின் வெளிவிட்டம்.

அந்தக் கப்பல் இன்னும் இருக்கிறது. பாட்டிலும் இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில்.

#3 மரத்தூள்

அரைவங்கு, மூன்று கேள்வி. பசை எது, வெள்ளைப் பசையா, சூப்பர் குளூவா? பலகையை ஊறவைத்து ஈரத்தோடே ஒட்டினீர்களா? ஆறு வரிசையையும் ஒரே மூச்சில் ஒட்டினீர்களா?

இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள், கப்பலா குப்பையா என்று பிறகு பேசலாம். அப்புறம், பின்னாலிருந்து ஒரு படம், மேலிருந்து ஒரு படம் போடுங்கள். நல்ல கோணம் பார்த்து எடுக்க வேண்டாம், அசிங்கமாக இருக்கும் இடம்தான் எனக்கு வேண்டும்.

#4 அரைவங்கு

வெள்ளைப் பசைதான். ஈரத்தோடேதான். ஒரே மூச்சில்தான், இரண்டு நாளில் ஆறு வரிசை. படங்களை இணைத்திருக்கிறேன். அலமாரியிலிருந்து இறக்குவதற்கே கூச்சமாக இருந்தது.

#5 நீலக்கடல்

அருமையான முயற்சி! விடாமல் தொடருங்கள். வாழ்த்துகள்!

#6 எதிர்க்காற்று

மேலே வாழ்த்தியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ‘அருமை’ என்ற சொல் எனக்குச் செய்த கெடுதலைச் சொல்லியாக வேண்டும்.

என் முதல் கப்பலுக்குத் துணியில் பாய் தைத்தேன். காற்றில் புடைத்தது போலத் தெரிய, நீர்த்த பசையில் நனைத்து விறைப்பாக்கினேன். பின்பக்கம் ஒரு பெரிய கொடி, அதையும் அப்படியே விறைப்பாக்கிப் பறக்கவிட்டேன். படம் போட்டதும் பதினான்கு பேர் அருமை என்றார்கள். ஒரு வருடம் கழித்து வீட்டுக்கு வந்த ஏழு வயதுப் பெண் கேட்டாள்: “பாய் முன்னாடி உப்பியிருக்கு, கொடி மட்டும் ஏன் பின்னாடி பறக்குது? காத்து ரெண்டு பக்கமும் அடிக்குதா?”

பின்னாலிருந்து வந்து பாயைத் தள்ளும் காற்று கொடியையும் முன்பக்கமாகத்தானே பறக்கவைக்கும்! பதினான்கு பேரில் ஒருவர்கூடவா கவனித்திருக்க மாட்டார்? கவனித்திருப்பார்கள். மனம் நோகுமே என்று விட்டுவிட்டார்கள். என் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

ஆகவே அரைவங்கு, ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த ஏரா கோணல். இடப்பக்கம் ஆறு வரிசை ஒட்டி இழுத்துப் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மேலே எவ்வளவு வண்ணம் அடித்தாலும் கோணல் தெரியும். பலகைகளைப் பிரித்தே ஆக வேண்டும்.

#7 நீலக்கடல்

எதிர்க்காற்று, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் என் நிலையையும் கேளுங்கள். நான் கிட் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது, பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. பயம்தான். கோணல் எது, நேர் எது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. குறை கண்டுபிடிக்கத் தெரியாதவன் வாழ்த்தத்தான் முடியும். வாய் மூடி இருப்பதைவிட அது மேல் என்று நினைத்தேன்.

#8 எதிர்க்காற்று

சரி, அதுவும் நியாயம்தான். உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. ஆனால் பெட்டியை எப்போது பிரிக்கப் போகிறீர்கள்?

#9 வாசாப்பித்து

கோணல் என்றதும் என்னைக் கூப்பிட்டது போல இருந்தது.

1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமில் வாசா என்ற சுவீடன் போர்க்கப்பல் முதல் பயணம் புறப்பட்டது. 64 பீரங்கிகள். ஏறத்தாழ 1300 மீட்டர் போனது, கவிழ்ந்தது. 1961-இல் அதை மேலே தூக்கினார்கள். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு மரத்தையும் அளந்து பார்த்தால் இடமும் வலமும் ஒன்றாக இல்லை, இடப்பக்கம் தடிமன் கூடுதல். கப்பலுக்குள் தச்சர்களின் அளவுகோல் நான்கு கிடைத்தன. இரண்டு சுவீடன் அடிக்கோல், 12 அங்குலம். மற்ற இரண்டும் ஆம்ஸ்டர்டாம் அடிக்கோல், 11 அங்குலம். இந்தப் பக்கம் ஒரு கோல், அந்தப் பக்கம் ஒரு கோல் என்று வைத்து அறுத்திருந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். அரசனின் கப்பலுக்கே அந்தக் கதி. நீங்கள் கிளிப் பத்தை வைத்துக்கொண்டு செய்திருக்கிறீர்கள்.

#10 பாட்டில்மாலுமி

ஆறுதல் சொல்ல வந்தவர் கவிழ்ந்த கப்பலைக் கூட்டி வந்திருக்கிறார்.

#11 வாசாப்பித்து

கவிழ்ந்ததற்குக் காரணம் மேல்பாரம்! கோணல் இல்லை! இது பற்றி நான் தனி இழையே தொடங்குவேன், என்னைத் தூண்டிவிடாதீர்கள்.

#12 மரத்தூள்

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் நல்ல சேதி: வெள்ளைப் பசை என்பதால் எல்லாவற்றையும் பிரிக்கலாம். வங்குகளின் விளிம்பைச் சரிவாகத் தேய்த்திருக்கிறீர்கள், அது பலர் கோட்டை விடும் இடம். உங்கள் கப்பலில் பலகை வங்கின் முழு அகலத்திலும் உட்கார்ந்திருக்கிறது. எதிர்க்காற்று, இது வாழ்த்து இல்லை, படத்தில் தெரிவது.

என்ன நடந்தது என்றால், ஊறிய மரம் குறுக்கே விரியும், காயும்போது சுருங்கும். ஈரத்தோடு ஒட்டியதால் காய்ந்ததும் பலகைக்குப் பலகை இடைவெளி விட்டது. ஆறும் ஒரே பக்கம் இருந்ததால், வளைத்து ஒட்டிய பலகைகளின் இழுப்பு முழுவதும் மெலிந்த ஏராவின்மேல் விழுந்தது, அது வளைந்துகொடுத்தது. கை சரியில்லை என்பதெல்லாம் கிடையாது. மரம் அப்படித்தான்.

பிரிப்பது இப்படி. பஞ்சை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, பலகை வங்கோடு சேரும் இடங்களில் வையுங்கள். ஆவியாகாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து மெல்லிய கத்தியை நுழைத்துப் பாருங்கள், வராவிட்டால் இன்னொரு முறை நனையுங்கள். நெம்ப வேண்டாம், வங்கு முறியும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. (சூப்பர் குளூவாக இருந்தால் அசிட்டோன் தேடியிருக்க வேண்டும், அது பெரும்பாடு.)

பிரித்தபின் ஏராவைத் தட்டையான பலகைமேல் நிறுத்தி, இரண்டு பக்கமும் நேரான கட்டையை அண்டைகொடுத்து இறுக்கிவிடுங்கள். ஒரு நூலை முனைக்கு முனை இழுத்துப் பிடித்தால் நேராக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். முன்பக்கத்து வங்குகளுக்கு நடுவே பால்சா என்ற லேசான மரத்தின் கட்டைகளை நிரப்புங்கள், பலகை பிடிக்க இடம் கிடைக்கும், ஏராவும் திடமாகும்.

இனி, அணியத்தில் பலகை ஏறிக்கொண்டது ஏன்? ஒவ்வொரு வங்கின் சுற்றளவும் வேறு. ஒரு காகிதப் பட்டையை வங்கின்மேல் படியவைத்து அளந்து பாருங்கள். நடு வங்கில் 60 மி.மீ. என்றால் 5 மி.மீ. பலகை 12 வேண்டும். அதே 12 பலகையும் அணியம் வரை போக வேண்டும், அங்கே சுற்றளவு 36 மி.மீ. தான் இருக்கும். ஆளுக்கு 3 மி.மீ. ஆகவே ஒவ்வொரு பலகையையும் 5-இலிருந்து 3 வரை சீவிக்கொண்டு வர வேண்டும். சீவாமல் ஒட்டினால் அவை எங்கே போகும், ஒன்றன்மேல் ஒன்று ஏறத்தான் செய்யும். பாதி அகலத்துக்குக் கீழே மட்டும் சீவ வேண்டாம், நுனி நாராகிவிடும். அந்த நிலை வந்தால் இரண்டு பலகையை வழியில் நிறுத்தி, அவற்றின் இடத்தில் ஒன்றைத் தொடருங்கள்.

வளைப்பதற்கு ஊறவைக்கலாம், தப்பில்லை. ஊறியதை வங்குகளின்மேல் கிளிப் போட்டுக் காயவிடுங்கள், காய்ந்தபிறகு பசை. வலம் ஒன்று, இடம் ஒன்று. இரண்டு நாளில் ஆறு வரிசை என்பது எனக்கே முடியாது.

#13 கயிற்றுத்தாத்தா

தம்பி, கருவி இல்லை என்று எழுதியிருந்தீர்கள், அதனால் வந்தேன்.

நெப்போலியன் காலத்துப் போரில் பிடிபட்ட பிரெஞ்சுக் கைதிகள் ஆயிரக்கணக்கானோரை இங்கிலாந்தில் அடைத்து வைத்திருந்தார்கள். பீட்டர்பரோவுக்குப் பக்கத்தில் நார்மன் கிராஸ் என்ற முகாம், 1797 முதல் 1814 வரை இருந்தது. அங்கே அவர்கள் தங்களுக்குக் கிடைத்த இறைச்சியில் மிஞ்சிய எலும்பைச் சுத்தம் செய்து, சீவி, பலகையாக்கிக் கப்பல் செய்தார்கள். சிலவற்றுக்குக் கயிறு தலைமுடி. முகாம் வாசல் சந்தையில் விற்றார்கள். பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் இன்றைக்கும் அவற்றைப் பார்க்கலாம். உங்களிடம் கத்தியும் கிளிப் பத்தும் இருக்கின்றன, நீங்கள் பணக்காரர்.

நான் விக்டரி என்ற பிரிட்டன் போர்க்கப்பலின் மாதிரியைக் கட்டுகிறேன், 1:98. ஒன்பதாவது வருடம் நடக்கிறது. வீட்டில் எப்போது முடியும் என்று கேட்டால் ஒரு கணக்கு சொல்வேன். அசல் விக்டரிக்கு ஏரா போட்டது 1759, நீரில் இறக்கியது 1765, படைப்பணியில் சேர்த்தது 1778. ஆகப் பத்தொன்பது வருடம். எனக்கு இன்னும் பத்து வருடம் தவணை இருக்கிறது.

#14 அரைவங்கு

எல்லோருக்கும் நன்றி. எழுத உட்கார்ந்து நான்கு நாள் ஆகிவிட்டது, ஏனென்றால் பலகை பிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆறில் நான்கு முழுசாக வந்தன. ஒன்று உடைந்தது. ஒன்றை நெம்பினேன், நெம்ப வேண்டாம் என்று எழுதியிருந்தும் நெம்பினேன், மூன்றாம் வங்கின் நுனி பெயர்ந்துவிட்டது. ஒட்டிவிட்டேன். பலகைகள் போனதுமே ஏரா பாதி நிமிர்ந்துகொண்டது, அதை என் கண்ணாலேயே நம்ப முடியவில்லை. மீதியைக் கட்டை அண்டைகொடுத்து இறுக்கி வைத்திருக்கிறேன். நூல் பிடித்துப் பார்த்தேன், நடுவில் அரை மில்லிமீட்டர் இருக்கும். இது போதுமா?

#15 எதிர்க்காற்று

போதும். பின்னாலிருந்து எடுத்த படத்தில் நானே தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. மூன்றாம் வங்கில் ஒட்டிய இடத்தை மட்டும் பலகை ஒட்டும் முன் ஒருமுறை தேய்த்துவிடுங்கள், மேடு தெரிகிறது.

#16 மரத்தூள்

எதிர்க்காற்று ‘போதும்’ என்று எழுதி நான் பார்த்ததே இல்லை. அரைவங்கு, இதை அச்செடுத்துச் சுவரில் மாட்டுங்கள்.

#17 அரைவங்கு

கணக்குப் போட்டேன், ஒரு சந்தேகம். நடு வங்கில் 80 மி.மீ., அதாவது 16 பலகை. அணியத்தில் 36 மி.மீ. தான். 36-ஐ 16-ஆல் வகுத்தால் 2.25 வருகிறது. பாதிக்கும் கீழே போகிறதே?

#18 மரத்தூள்

போகிறது. ஆகவே அணியத்துக்கு 14 பலகைதான் போக வேண்டும், அப்போது ஆளுக்கு 2.57. இரண்டு இடத்தில் இரண்டை ஒன்றாக்குங்கள். அந்த இரண்டு இடமும் அடுத்தடுத்து வேண்டாம், நடுவில் மூன்று நான்கு வரிசை இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் வந்தால் பார்க்க வேண்டுமென்றே செய்தது போல இருக்கும். வேண்டுமென்றே செய்ததுதானே.

#19 கயிற்றுத்தாத்தா

எனக்கும் ஒரு உதவி வேண்டும். சொல்லவே தயக்கமாக இருந்தது, இந்தத் தம்பி கோணல் கப்பலைப் படம் எடுத்துப் போட்டபிறகு என் தயக்கத்துக்கு மரியாதை இல்லை.

ஒரு வருடமாகக் கை நடுங்குகிறது. மருத்துவரிடம் காட்டி மருந்து எடுக்கிறேன், அது இருக்கட்டும். பெரிய பாய்மரம் வரை ஏணிக்கயிறு கட்டிவிட்டேன், கடைசிப் பாய்மரம் பாக்கி. அசலில் படிக்குப் படி சுமார் 13 அங்குலம் என்றால் என் அளவில் 3.4 மி.மீ. ஒவ்வொரு படியும் ஒவ்வொரு ஷ்ரவுட்டைக் (பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கயிறு) கடக்கும் இடத்தில் கிளோவ் ஹிட்ச் என்ற ஒரு முடிச்சு. நூலைக் கொக்கியில் பிடித்துக் கொண்டுபோவதற்குள் கொக்கி வேறு எங்கோ போகிறது. நேற்று ஒரு மணி நேரத்தில் மூன்று முடிச்சு. அதில் ஒன்று பக்கத்துக் கயிற்றோடு சேர்ந்து விழுந்தது.

#20 பாட்டில்மாலுமி

ஐயா, பாட்டில் வேலையில் எங்களுக்குக் கையே உள்ளே போகாது, நீளக் கம்பியின் நுனியில்தான் எல்லாம். கம்பி நீளமாக இருந்தால் நல்ல கைகூட நடுங்கும். நாங்கள் செய்வது, மணிக்கட்டையும் முழங்கையையும் எங்காவது அழுத்தி வைத்துவிடுவது. கப்பலின் உயரத்துக்கு ஒரு மரக்கட்டையோ அடுக்கிய புத்தகமோ போட்டு முன்கை முழுவதையும் அதன்மேல் கிடத்துங்கள். விரல் மட்டும் அசையட்டும். மூச்சை விட்டபின் இழுங்கள், இழுத்துப் பிடித்துக்கொண்டு வேண்டாம்.

#21 வாசாப்பித்து

ஷ்ரவுட்டுக்குப் பின்னால் 3.4 மி.மீ. இடைவெளியில் கோடு போட்ட வெள்ளை அட்டையைச் செருகி வையுங்கள். கண் தேட வேண்டாம், அந்த அளவுக்குக் கையும் அலையாது.

#22 எதிர்க்காற்று

நான் சொல்லப்போவது பலருக்குப் பிடிக்காது. மெல்லிய ஊசியில் நூலைக் கோத்து ஷ்ரவுட்டின் நடுவே குத்தி எடுத்துவிடுங்கள், முடிச்சு வேண்டாம். கடக்கும் இடத்தில் நீர்த்த வெள்ளைப் பசை ஒரு துளி. 1:98-இல் ஓரடி தள்ளி நின்று பார்த்தால் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஏழு வயதுப் பெண்ணைக் கூட்டி வந்தால்தான் உண்டு.

#23 கயிற்றுத்தாத்தா

குத்தி எடுக்கும் வழி தெரியும். இரண்டு பாய்மரம் முடிச்சுப் போட்டுவிட்டு மூன்றாவதில் குத்த மனம் வரவில்லை. பிடிவாதம்தான், வேறென்ன. கட்டையும் அட்டையும் வைத்துப் பார்க்கிறேன். நாளைக்குப் பத்து முடிச்சு என்று வைத்துக்கொள்கிறேன். முடியாவிட்டால் ஊசி.

#24 நீலக்கடல்

பெட்டியைப் பிரித்தேன்.

உடனே ஒரு கேள்வி. ஏராப் பலகையை மேசைமேல் வைத்தால் நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இரண்டு வருடம் பெட்டியைச் சாய்த்து வைத்திருந்ததாலா? ஒட்ட ஆரம்பிக்கும் முன்னமே கோணல் என்றால் இது ஆகுமா?

#25 அரைவங்கு

ஆகும். இதை நான் சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனால் போன வாரம் முழுக்க இதே வேலைதான் செய்தேன். ஈரத்துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள், தட்டையான கண்ணாடிமேல் படுக்கவைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கி இரவு முழுக்க விடுங்கள். காலையில் எடுத்து நூல் பிடித்துப் பாருங்கள்.

#26 மரத்தூள்

கிட்டத்தட்ட சரி. உள்பக்கம் குழிந்திருக்கும் பக்கத்தை மட்டும் ஈரமாக்குங்கள், அந்தப் பக்கம்தான் விரிய வேண்டும். இரண்டு பக்கமும் நனைத்தால் காய்ந்தபின் பழையபடி வளைய வாய்ப்பு உண்டு. கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே உறிஞ்சும் காகிதம் போடுங்கள். ஒரு இரவு போதாது, இரண்டு நாள் விடுங்கள். நேரானதும் உடனே வங்குகளைப் பொருத்திவிட வேண்டும், மறுபடி அலமாரிக்கு அனுப்பக் கூடாது.

#27 நீலக்கடல்

நனைத்து வைத்துவிட்டேன். புத்தகங்களுக்கு மேல் கிட் பெட்டியையே வைத்திருக்கிறேன், நல்ல கனம்.

#28 அரைவங்கு

வலம் நான்கு, இடம் நான்கு. ஒரு நாளைக்கு ஒரு ஜோடிதான். நான்காவதில் இடப்பக்கம் அரை மில்லிமீட்டர் அதிகமாகச் சீவிவிட்டேன், ஐந்தாவதில் சரிக்கட்டலாம் என்று இருக்கிறேன். தண்டும் நூலும் யாருக்கும் கிடையாது.

#29 கயிற்றுத்தாத்தா

இன்று பன்னிரண்டு முடிச்சு. அதில் இரண்டு அவிழ்ந்துவிட்டன. பத்து என்று எழுதி வைத்திருக்கிறேன்.